ஒரே சாலில் இரண்டு விதை

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு என் செல்போனுக்கு வந்த செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "தங்கள் கட்டுரை எங்கள் வார இதழுக்குத் தேர்வாகியுள்ளது. இது வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை என்பதை இன்று மாலை ஐந்து மணிக்குள் உறுதிசெய்யவும். பதில் வராவிட்டால் வேறு கட்டுரை சேர்க்கப்படும்."

அப்போது நான் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே எனக்குக் குச்சி அடைக்கிற வேலை. உள்ளே செல்போன் கூடாது என்பதால் டீ நேரத்தில்தான் எடுத்துப் பார்க்க முடியும். செய்தியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்றவள், "என்னக்கா, புதையலா கிடைச்சிருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது.

அதே கட்டுரை, அதே நாள் மத்தியானம், சாத்தூரில் ஓர் அச்சாபீசில் மிஷினில் ஏறப் போகிறது. இன்னொரு பத்திரிகைக்காக.

இந்தக் கூத்து எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வேனில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் தட்டித் தட்டி எழுதுவது. ஏழு கட்டுரை அனுப்பி, ஏழுக்கும் பதில் இல்லை. "எழுத்தாளரம்மா, எங்களைப் பத்தியும் நாலு வரி போடுங்க" என்று வேனில் கேலி செய்வார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்பதால் கேலி இன்னும் கூடும்.

எட்டாவது கட்டுரை எங்கள் வீட்டைப் பற்றியது. கோவில்பட்டிக்குக் கிழக்கே, விளாத்திகுளம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். என் வீட்டுக்காரருக்கு மானாவாரிக் கரிசல் காடு. புரட்டாசியில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கோ வானம் மேகம் கவிந்து மூடாக்குப் போட்டால் பெட்டியில் பூசிய மருந்து காயாது, அரைநாள் வேலைதான். மழை பெய்தால் அதுவும் இல்லை. ஒரே சாமி படத்துக்கு முன்னால் அவர் மழை கேட்பார், நான் வெயில் கேட்பேன். ஒரு வருஷம் சாமி எனக்கு மட்டும் காது கொடுத்துவிட்டது. விதைத்தது எல்லாம் மண்ணுக்குள்ளேயே பொரிந்து போனது. எனக்கு ஒரு நாள்கூட வேலை தவறவில்லை. அந்த வருஷம் அவர் வரப்பில் உட்கார்ந்து அழுததைச் சாப்பாடு கொண்டுபோன நான் தூரத்தில் நின்று பார்த்தேன். கிட்டே போகவில்லை. இதைத்தான் எழுதியிருந்தேன்.

அனுப்பும் முன்னால் அவரிடம் வாசித்துக் காட்டினேன். "நான் அழுததையும் போட்டுட்டியா?" என்று கேட்டார். எடுத்துவிடவா என்றேன். "இருக்கட்டும். அழுதவன்தான" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

சென்னை வார இதழுக்கு அனுப்பி மூன்று மாதம் ஓடியது. அவர்தான் தினமும் கேட்பார், "வந்துட்டா?" என்று. ஒரு நாள் எரிச்சலில், வராது, விடுங்க என்று கத்தினேன். அவர் சாவகாசமாகக் கேட்டார்.

"ஒரே இடத்துக்கா அனுப்புன?"

"ஆமா."

"ஏட்டி, நம்ம காட்டுல என்னைக்காச்சும் ஒத்த விதையப் போட்டுட்டு உக்காந்திருக்கோமா? பருத்தி போடுத உழவு சால்லயே உளுந்தையும் போடுதோம். ஒண்ணு ஏமாத்துனா ஒண்ணு நிக்கும். எழுத்துக்கு மட்டும் என்ன, அதையும் ரெண்டு பக்கம் போடு."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் அது நியாயமாகத்தான் படும். பத்திரிகைக்கு ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வார இதழில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்களாம். நான் அதைப் படித்ததில்லை.

கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் ஒரு பைக்கடை இருக்கிறது. கடைக்காரரை பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மகளுக்கு ஸ்கூல் பை வாங்கப் போனபோது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய மாதப் பத்திரிகை அடுக்கியிருந்தது. அவரே நடத்துகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த முகவரிக்குக் கட்டுரையை அனுப்பினேன். பகலில் என்னால் போன் எடுக்க முடியாதே என்று கீழே வீட்டுக்காரர் எண்ணையும் எழுதிவைத்தேன்.

நாலே நாளில் பாய் கூப்பிட்டார். சாயங்காலம், வேனை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். "தங்கச்சி, இந்த மாசம் முதல் பக்கத்துலயே உங்க கட்டுரைதான். படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் கடையில சும்மா உக்காந்திருந்தேன். உங்க வீட்டுக்காரர ஒரு நாள் பாக்கணும்" என்றார். ரோட்டிலேயே நின்று அழுதேன். அப்புறம் வெள்ளிக்கிழமை சாத்தூரில் அச்சு என்று சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் வார இதழின் செய்தி வந்து நிற்கிறது.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் முடிவுசெய்துவிட்டேன். எனக்கு வார இதழ்தான் வேண்டும். பஸ் ஸ்டாண்டு கடைகளில் க்ளிப் போட்டுத் தொங்குமே, அது. வேனில் கேலி செய்கிற அத்தனை பேருக்கும் அதன் பெயர் தெரியும். தூத்துக்குடியில் இருக்கிற நாத்தனாருக்குத் தெரியும். பாயின் பத்திரிகையைக் கோவில்பட்டியிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. என் பெயர் தொங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

பாய்க்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. நாலு தடவை. வானம் மூடாக்குப் போட்டு இருண்டு கிடந்தது. பெட்டி எதுவும் காயவில்லை, உள்ளே பாதிப்பேர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள். அதனால் கணக்கப்பிள்ளையிடம் தலைவலி என்று சொன்னதும் லீவு கொடுத்துவிட்டார். அன்றைக்குச் சொன்ன முதல் பொய் அது.

சாத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "வேறு எந்த இதழுக்கும் அனுப்பவில்லை" என்று தட்டி வைத்தேன். அனுப்புகிற அம்புக்குறி மேல் விரலைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தேன். பாயிடமிருந்து கட்டுரையை வாங்கிவிட்டால் இது பொய் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனுப்பியதும் நிஜம், அனுப்பவில்லை என்பதும் நிஜம் என்று ஆகிவிடுமா என்ன? அந்தக் கேள்வியை அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று நின்று போனது. டிரைவர் மேல், ஏறுகிறவர்கள் மேல், சில்லறை தேடுகிற கிழவி மேல் எல்லாம் கோபம் வந்தது.

விசாரித்து விசாரித்து அச்சாபீஸைக் கண்டுபிடிக்கும்போது மணி ஒன்று ஆகியிருந்தது. வாசலில் மை வாடை. உள்ளே மிஷின்காரர் ஒருவர் மட்டும் இருந்தார், கையெல்லாம் கறுப்பு. பாயைத் தேடி வந்தேன் என்றேன்.

"பாய் தொழுகைக்குப் போயிருக்காங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா. ரெண்டு மணிக்கு வந்துருவாங்க, உக்காருங்க."

"பத்திரிகை ஓட்டியாச்சா?"

"எங்க ஓட்ட? இந்த மூடாக்குல பேப்பர் நமத்துப்போய் ஒட்டுது. பிளேட்ட மாட்டி வச்சிருக்கேன். பாய் வந்து ஒரு ஷீட்டப் பாத்து சரின்னு சொன்னா உடனே ஓட்டிருவேன்."

மிஷினில் மாட்டியிருந்த தகட்டைக் காட்டினார். எட்டுப் பக்கம் ஒரே தகட்டில். நாலு பக்கம் நேராக இருந்தது, நாலு பக்கம் தலைகீழாக; தாளை மடித்தால் சரியாகிவிடுமாம். நேராக இருந்த ஒரு பக்கத்தின் உச்சியில் என் பெயரைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வந்தவள் மாதிரி எனக்கு இருந்தது. பார்வையைத் திருப்பிக்கொண்டு சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். ஒன்றேகால். ஒன்றரை. மிஷின்காரர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சாப்பிட்டு, கழுவி, மூடினார். இரண்டு ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது பாய் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"அடடே, தங்கச்சி! அச்சாகறதப் பாக்க நேராவே வந்துட்டீங்களா?" அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மிஷின்காரரிடம், "ஏய், இதை எழுதுனது இவங்கதான்" என்றார். டீ சொல்லி அனுப்பினார்.

நான் எழுந்து நின்றேன். "பாய், அந்தக் கட்டுரைய எடுத்துருங்க."

அவருக்குப் புரியவில்லை. "தப்பு ஏதும் இருக்கா? திருத்திருவோம்."

"இல்ல. வேண்டாம். போட வேண்டாம்."

"ஏன் தங்கச்சி?"

பஸ்ஸில் அவ்வளவு நேரம் வந்தேனே, இந்த ஒரு கேள்விக்கு ஒரு பதிலை யோசிக்கவில்லை. வாய் தானாக ஒன்றைச் சொன்னது.

"எங்க வீட்டுல அவியளுக்குப் புடிக்கல. அழுததையெல்லாம் எழுதி மானத்த வாங்குதியான்னு சத்தம் போடுதாவ."

பாய் முகம் சுருங்கிப்போனது. தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாலு பக்கத்துக்கு இப்போ நான் எங்கன போவேன்? அது கிடக்கட்டும். ஆனா இத எடுக்கக் கூடாது தங்கச்சி. இது நல்ல எழுத்து. நீங்க கவலப்படாதீங்க, நான் பேசுதேன் அவர்ட்ட."

"வேண்டாம் பாய். அவிய காட்டுல இருப்பாவ. போன் எடுக்க மாட்டாவ."

"நம்பர் நீங்கதான எழுதியிருந்தீங்க" என்று அவர் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தடுக்கவா முடியும்? மணி போனது. எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது என்று எந்தச் சாமியையும் விடாமல் வேண்டினேன். எடுத்துவிட்டார். பாய் எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் காட்டுக்காற்று உய்யென்று கேட்டது.

"யாரு?"

"அண்ணாச்சி, நான் கோவில்பட்டில பைக்கடை வச்சிருக்கேன். உங்க வீட்டம்மா கட்டுரையப் போடுத பத்திரிகை என்னுதுதான். சாத்தூர் அச்சாபீஸ்ல இருந்து பேசுதேன். அவங்களும் இங்கதான் நிக்காங்க. உங்களுக்குப் புடிக்கலைன்னு கட்டுரைய எடுக்கச் சொல்லுதாங்க. நீங்க அழுதத எழுதுனதுல கேவலம் என்ன இருக்கு அண்ணாச்சி? நானே அதப் படிச்சிட்டுக் கண்ணு கலங்குனவன்தான். அவங்கள எழுத விடுங்க."

அந்தப் பக்கம் காற்று மட்டும். "நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்று அவர் கேட்பதற்கு ஒரு விநாடி போதும். அவர் சூதுவாது தெரியாத மனுஷன், அப்படித்தான் கேட்பார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவ பக்கத்துலயா இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி."

இன்னும் கொஞ்ச நேரம் காற்று.

"ஆமா அண்ணாச்சி, நாந்தான் சொன்னேன். எனக்குப் புடிக்கல. எடுத்துருங்க. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

போன் நின்றுவிட்டது.

பாய் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிஷின்காரரிடம், "அந்த பிளேட்டக் கழத்து" என்றார். என்னிடம் குரலைத் தணித்து, "வீட்டுல போய்ச் சண்டை போட்டுராதீங்க தங்கச்சி" என்றார். எல்லாம் முடிந்துவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. மணி இரண்டு பத்து. ஒரு அம்புக்குறியைத் தொட்டால் போதும், வார இதழ் என்னுடையது.

மிஷின்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டே முனங்கினார். "இவனெல்லாம் ஒரு ஆம்பள. பொண்டாட்டி நாலு எழுத்து எழுதுனா பொறுக்காது."

"அவியளப் பத்தி உமக்கு என்னவே தெரியும்?" என்று கத்திவிட்டேன். அவ்வளவு சத்தமாகக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. டீ கொண்டுவந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "அவிய ஒண்ணும் சொல்லல. சத்தமும் போடல. எழுதுன்னு சொன்னதே அவியதான். நாந்தான் பொய் சொன்னேன்."

பிறகு எல்லாவற்றையும் பாயிடம் சொன்னேன். வார இதழ், மூன்று மாதம், ஐந்து மணி, இரண்டு விதை, எல்லாம். நல்லவளாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. முன்னே பின்னே அவரைத் தெரியாத இரண்டு பேர் ஒரு கொட்டகைக்குள் நின்று என் வீட்டுக்காரரைக் கேவலமாக நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதுவும் நான் சொன்ன பொய்யால்.

பாய் கோபப்பட்டார். சிரித்து ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ, அவர் முகம் கறுத்துவிட்டது. "பெரிய பத்திரிகையில வருது பாய், விட்டுக்குடுங்கன்னு சொல்லியிருந்தா நானே கழத்திக் குடுத்திருப்பேனே. அந்த மனுசனப் போய் நான் என்னவெல்லாம் பேசிட்டேன். என்ன இப்படி ஆக்கிட்டீங்களே தங்கச்சி." கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார், "இப்பவும் எடுத்துத் தாரேன். அவங்களுக்கு என்ன பதில் போடுவீங்க?"

"வேற எங்கயும் அனுப்பலைன்னு."

"அனுப்புனீங்கள்லா?"

நான் தட்டி வைத்திருந்த வரியைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். வெளியே வந்து, செய்தி வந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். "பக்கம் போட்டாச்சே மேடம்" என்று சலித்துக்கொண்டார். அப்புறம், "சொன்னதுக்கு நன்றி. நாங்க வேற வச்சுக்கிறோம்" என்றார்.

"அடுத்த தடவை அனுப்பலாமா?"

"பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் கணக்கப்பிள்ளையும் வேலை கேட்டு வருகிறவர்களிடம் அப்படித்தான் சொல்வார். பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். ஏழும் ஒன்றும் எட்டு என்று ஏனோ திரும்பத் திரும்பத் தோன்றியது.

உள்ளே மிஷின் ஓட ஆரம்பித்தது. நான் திரும்பிப் போனபோது பாய் முதல் ஷீட்டைக் கையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று தலையாட்டிவிட்டு அதை என்னிடம் நீட்டினார். "மை ஈரம். பாத்து." அவ்வளவுதான் பேசினார். நான் கிளம்பும்போதுதான், "டீ ஆறிப்போச்சு, குடிச்சிட்டுப் போங்க" என்றார். ஆறிய டீயை மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை பிடித்துவிட்டது. கரிசல் மண் செருப்பில் அப்பி அப்பிக் கால் கல்லாகக் கனத்தது. செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டேன். ஷீட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். விதைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இந்த மழைக்குத்தான் அவர் காத்திருந்தார். ஆனால் இன்றைக்கு என் முகத்தைப் பார்த்து அவரால் சந்தோஷப்பட முடியுமா என்று பயமாக இருந்தது.

அவர் நனைந்த சட்டையோடு வாசல்படியில் நின்றிருந்தார். "எடுத்துட்டாரா?" என்று கேட்டார்.

"இல்ல. போட்டுட்டாரு."

"ஏன், நாந்தான் சொன்னேனே?"

உள்ளே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வார இதழ் போனதையும் சொன்னேன். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன். "நான் சொன்னதே உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாதுதான். ஆனா நீ அவரு முன்னால சொல்லிட்டு நிக்க. நான் இல்லேன்னு சொன்னா நீ அங்கன என்னட்டி ஆவ?"

கவரைப் பிரித்து ஷீட்டைத் தரையில் விரித்தேன். மை இன்னும் காயவில்லை, தொடாதீங்க என்றேன். அவர் குனிந்து முதல் பக்கத்தை மெதுவாகப் படித்தார். அடுத்த பக்கம் தலைகீழாக இருந்தது. தாளைத் திருப்பவில்லை. எழுந்து, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து படித்தார். அப்புறம் மறுபடி இந்தப் பக்கம் வந்தார். வரப்பில் உட்கார்ந்து அழுத இடம் வந்ததும் விரலைத் தாளில் படாமல் மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

"இதுல நான் நல்லவனால்லா இருக்கேன்" என்றார். "அந்த மிஷின்காரன்ட்ட ஒருக்கா இதப் படிக்கச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க எப்படிப்பட்டவுகன்னு நானே வாயால சொல்லிட்டேன்" என்றேன். அன்றைக்கு வரப்பில் கிட்டே போகாமல் நின்றவள், எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே மழை விடவில்லை. மறுநாள் ஆபீஸ் இருக்காது. அன்றைக்கு நான் வெயில் கேட்கவில்லை.